நாற்காலியில் மட்டும் ஏறிய பிரஷர்

அந்த மருந்துக்கடைக்கு முறையான ஒரு பெயர் உண்டு. ஆனால் தெருவில் யாரும் அதைச் சொல்வதில்லை. "மருந்தக்கா கடை" என்றால்தான் வழி சொல்வார்கள். மருந்தக்கா என்பது கடையை நடத்தும் மருந்தாளர். நாற்பதைத் தாண்டியவள், குரல் கொஞ்சம் கனம். படிக்கத் தெரியாதவர்களுக்கு மாத்திரை உறையின் மேல் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் பேனாவால் வரைந்து கொடுப்பாள். குளிர்பெட்டி இல்லாத வீட்டுக்காரர்களின் ஊசி மருந்தைத் தன் கடைக் குளிர்பெட்டியில் தனித்தட்டில் வைத்திருப்பாள். காலாவதியான மருந்துகளைக் குப்பையில் போடாதீர்கள் என்று சொல்லி, வாசலில் ஒரு மூடி போட்ட டப்பா வைத்திருந்தாள்.

அவளிடம் இருந்த ஒரே தொந்தரவு, ஏன் என்று கேட்பது. இருமல் மருந்து கேட்டு வந்தவர் வாங்கிக்கொண்டு போய்விட முடியாது. படுத்தால் இருமுகிறதா, தூசியில் இருமுகிறதா, வீட்டில் வேறு யாருக்கும் உண்டா என்று மூன்று கேள்விக்காவது பதில் சொல்லியாக வேண்டும்.

"மருந்து விக்கிற கடையா, போலீஸ் ஸ்டேஷனா?" என்பாள் அண்ணி. அண்ணி என்றால் அவளுடைய சொந்த அண்ணன் மனைவி. கல்லாவும் அலமாரியும் அண்ணி பொறுப்பு. இருவருக்கும் நாளெல்லாம் வாய்ச்சண்டை நடக்கும். மதியம் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள்.

கடையின் கண்ணாடிக் கதவை ஒட்டி ஒரு நாற்காலி, ஒரு சின்ன மேசை, மேசை மேல் பிரஷர் பார்க்கும் மெஷின். காலையில் யார் வந்து உட்கார்ந்தாலும் இலவசமாகப் பார்த்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பாள். அந்தச் சீட்டைக் காட்டினால் தெருக்கோடி கிளினிக் டாக்டருக்குப் போதும்.

அந்த நாற்காலியில்தான் போர்டுக்காரரின் விவகாரம் ஆரம்பித்தது.

போர்டுக்காரர் ஐம்பத்தைந்து வயது மனிதர். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது, பள்ளிக்கூடச் சுவரில் படம் போடுவது, வண்டிகளுக்கு நம்பர் எழுதுவது எல்லாம் அவர் வேலை. சட்டையில் எப்போதும் இரண்டு மூன்று நிறமாவது ஒட்டியிருக்கும். ஒருமுறை தலைவலி என்று டாக்டரிடம் போனபோது பிரஷர் லேசாக இருக்கிறது என்று சின்ன மாத்திரை ஒன்று கொடுத்து, வாரம் ஒருமுறை மருந்தக்கா கடையில் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார் டாக்டர்.

முதல் வாரம் பார்த்தாள். நூற்று எழுபதுக்கு மேல். அடுத்த வாரமும் அப்படியே. டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு மாத்திரையின் அளவைக் கூட்டினார். அதற்கும் அடுத்த வாரம் இறங்கவில்லை. இன்னொரு மாத்திரை சேர்ந்தது.

"அண்ணா, உப்பு நிறைய சாப்பிடுறீங்களா?"

"உப்பா? உங்க அண்ணிக்கிட்ட கேளு தங்கச்சி. மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்து என் வீட்டுச் சாப்பாட்டுக்கும் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்கும் வித்தியாசமே தெரியல." உங்க அண்ணி என்று அவர் சொன்னது தன் மனைவியை.

"தூக்கம்?"

"படுத்தா எழுப்பத்தான் ஆளு வேணும்."

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

"சத்தியமா."

ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார். அதுதான் வினையாகப் போயிற்று.

ஒருநாள் முற்பகலில் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைந்துகொண்டிருந்தவருக்கு ஏணியின் உச்சியில் கண் இருட்டியது. நல்லவேளையாக ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கீழே இறங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து நேராக மருந்தக்கா கடைக்கு வந்து சேர்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

மருந்தக்கா அவரைக் கைத்தாங்கலாகப் பின்னறைக்கு அழைத்துப் போனாள். அட்டைப்பெட்டிகள் அடுக்கிய, வெளிச்சம் குறைந்த குறுகிய அறை. அங்கிருந்த பெஞ்சில் படுக்க வைத்து, மெஷினை எடுத்து வந்து பார்த்தாள். மேல் எண் தொண்ணூறைச் சுற்றி நின்றது. மறுபடி பார்த்தாள். அதேதான். கொடுத்த மாத்திரையெல்லாம் சேர்ந்து பிரஷரைத் தரைக்கு இழுத்திருந்தது.

அண்ணி டாக்டருக்குப் போன் செய்தாள். எதிரில் இருக்கும் நோயாளியைப் பார்த்துவிட்டு உடனே வருகிறேன் என்றார் டாக்டர். தண்ணீர் குடித்துக் கொஞ்ச நேரம் படுத்திருந்த போர்டுக்காரருக்கு முகத்தில் நிறம் திரும்பியது. பின்னறையில் காற்று இல்லை என்று எழுந்து வந்து, கதவோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

சும்மா இருக்கட்டுமே என்று மருந்தக்கா இன்னொரு தடவை கைப்பட்டையைச் சுற்றினாள். மெஷின் ஊதி, முனகி, எண்ணைக் காட்டியது. நூற்று அறுபது.

அவள் மெஷினைத் தட்டிப் பார்த்தாள்.

படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தால் பிரஷர் குறையலாம், கிட்டத்தட்ட அப்படியே இருக்கலாம். பின்னறையிலிருந்து நாற்காலி வரை நடந்து வருவதற்குள் இத்தனை ஏறுமா? அதே கை, அதே மெஷின், அதே மனிதர். ஏன்?

டாக்டர் வந்தார். கூட்டிய மாத்திரைகளை நிறுத்தி, பழைய சின்ன மாத்திரைக்கே திரும்பச் சொன்னார். "ரெண்டு வாரத்துக்கு ஏணிப் பக்கமே போகக் கூடாது" என்றார் கண்டிப்பாக. பிறகு மருந்தக்காவிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "உங்க சீட்டைப் பார்த்துத்தான் நான் டோஸ் கூட்டினேன். ஒருநாள் என் ரூம்லயும் பார்த்திருக்கணும், அது என் தப்பு. இருந்தாலும் மெஷினை ஒரு தடவை செக் பண்ணிடுங்கம்மா" என்றார்.

அன்று முழுவதும் மருந்தக்காவுக்கு வேலை ஓடவில்லை. தன் கையால் எழுதிக் கொடுத்த சீட்டு ஒரு மனிதரை ஏணியிலிருந்து தள்ளப் பார்த்ததே என்று மனசு அடித்துக்கொண்டது. மெஷினை டாக்டரின் மெஷினோடு வைத்து ஒப்பிட்டாள். இரண்டும் ஒன்றுபோலவே காட்டின. கடையில் இன்னொரு மெஷின் இருந்தது, வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டியவர்களுக்கு இரவல் கொடுப்பதற்கு. அதைப் போர்டுக்காரரின் மனைவியிடம் கொடுத்து, எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தாள்.

வீட்டில் காலையும் மாலையும் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் சரியாக இருந்தது.

"அப்ப இந்தக் கடைக்கு வந்தாத்தான் ஏறுது" என்றாள் அண்ணி. "காரணம் நான் சொல்லட்டுமா? உன்னைப் பார்த்துப் பயம். நீ கேள்வி கேக்குற தோரணையில எனக்கே ரெண்டு நாளைக்கு ஏறிடும்."

"பின்னறையிலயும் நான்தானே பார்த்தேன்? அங்க ஏறலையே."

"அப்ப நீ பக்கத்துல இருந்தா ஒண்ணும் இல்ல. வெளிச்சத்துல பார்த்தாத்தான் பயம்."

மருந்தக்கா சிரிக்கவில்லை. இதை விடப்போவதில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. மூன்றாம் நாள் போர்டுக்காரர் வந்தபோது, தான் உள்ளே போய் நின்றுகொண்டு அண்ணியையே பிரஷர் பார்க்கச் சொன்னாள். ஏறியது. பிறகு நாற்காலியை அப்படியே திருப்பி, முகம் சுவரைப் பார்த்தபடி உட்கார வைத்தாள்.

"என்னம்மா இது, கிளாஸ்ல தண்டனை கொடுத்த மாதிரி?" என்றார் அவர்.

"பேசாதீங்கண்ணா. கையை லூசா விடுங்க."

நூற்று இருபத்தெட்டு.

நாற்காலியை மறுபடி கதவுப் பக்கம் திருப்பினாள். கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தாள். நூற்று ஐம்பத்தெட்டு.

அண்ணி சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். "அட!" என்றாள், இந்தத் தடவை கிண்டல் இல்லாமல்.

அவர் போன பிறகு மருந்தக்கா அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தாள். வாடிக்கையாளர்கள் வந்தால் அண்ணி பார்த்துக்கொள்ளட்டும் என்று கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷமாகக் கடைக்குள் நின்றிருக்கிறாள், இந்த நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்ததே இல்லை. கடையின் தரை தெருவைவிட உயரம். அதனால் போகிறவர்களின் தலைக்கு மேலாக எல்லாம் தெரிந்தது. எதிரே செல்போன் ரிப்பேர் கடை. அதற்குப் பக்கத்தில் பல் டாக்டரம்மாவின் மருத்துவமனை. அப்புறம் பஸ் நிறுத்தம். நிறுத்தத்தில் நான்கைந்து பேர். யாரையோ பார்த்துத்தான் இந்த மனிதருக்கு ஏறுகிறது என்று முடிவு கட்டினாள்.

மறுநாள் மாத்திரை வாங்க வந்த அவர் மனைவியிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தாள். "அண்ணனுக்கு யார்கிட்டயாவது மனஸ்தாபம் இருக்கா அண்ணி? பழைய சண்டை, ஏதாவது?"

"அவருக்கா? செல்போன் கடைத் தம்பி சிரிச்சாக்கூட நின்னு பேசிட்டு வர்ற ஆளு. பல் டாக்டரம்மா இருக்காங்களே, எங்க பார்த்தாலும் 'உங்க போர்டைப் பார்த்துட்டுத்தான் பேஷண்ட்டே வராங்க'ன்னு சொல்லுவாங்க. அவ்வளவு மரியாதை. யாரும்மா அவர்கூட சண்டை போடப் போறாங்க?" அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணு மட்டும் புரியல. முன்னல்லாம் அந்தப் பக்கம் போனா அந்தப் போர்டை எனக்குக் காட்டி, பார்த்தியா என் வேலையன்னு பெருமை அடிப்பார். இப்ப தலையைக் குனிஞ்சுக்கிட்டே போறார்."

மருந்தக்காவின் காது நிமிர்ந்தது.

இரண்டு நாள் கழித்து அவர் மறுபடி வந்து உட்கார்ந்தபோது அவள் மெஷினைப் பார்க்கவில்லை, அவர் கண்ணைப் பார்த்தாள். கண் பஸ் நிறுத்தத்துப் பக்கம் போகவே இல்லை. தெருவில் நடந்த யாரையும் தொடரவில்லை. நேராக எதிர்ப்புறம் மேலே போயிற்று, சட்டென்று கீழே இறங்கியது, மறுபடி மேலே போயிற்று. புண்ணை நாக்கு தேடிப் போவதுபோல.

அங்கே இருந்தது பல் மருத்துவமனையின் போர்டு. நீலப் பின்னணி, வெள்ளை எழுத்து, பக்கத்தில் பளிச்சென்று ஒரு பெரிய கடைவாய்ப் பல். மருந்தக்கா அதை ஒன்றுக்கு நான்கு தடவை வாசித்தாள். எழுத்தெல்லாம் அழகாக, ஒரே சீராக இருந்தன.

கைப்பட்டை அவர் கையில் ஊதிக்கொண்டிருந்தபோது, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள். "அந்த பல் மருத்துவமனை போர்டு நீங்க எழுதினதுதானே அண்ணா? ரொம்ப நல்லா இருக்கு."

அவர் பதில் சொல்லவில்லை. மெஷின் சொன்னது. நூற்று எண்பது.

அவள் கைப்பட்டையை அவிழ்த்துவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரில், போர்டை மறைத்தபடி உட்கார்ந்தாள். "என்னன்னு சொல்லுங்க அண்ணா. கடையில கேட்டது கடையை விட்டுப் போகாது. அண்ணிக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"நான் எங்க யார்கிட்ட சொல்றேன்?" என்றாள் அண்ணி, இரண்டடி முன்னால் வந்து.

போர்டுக்காரர் பெருமூச்சு விட்டார். "படி" என்றார்.

"என்னத்தை?"

"அந்தப் போர்டை. வாய்விட்டுப் படி."

மருந்தக்கா திரும்பிப் பார்த்தாள். "பல் மருத்துவமனை."

"நீ படிக்கல தங்கச்சி. பல்லுப் படத்தைப் பார்த்துட்டுச் சொல்ற. எழுத்து எழுத்தாப் படி."

"ப... ல..." என்று ஆரம்பித்தவள் நின்றாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் போனாள். லகரத்தின் தலையில் புள்ளி இல்லை. 'பல மருத்துவமனை' என்றுதான் அங்கே எழுதியிருந்தது. தகரத்துக்குப் புள்ளி இருந்தது, கீழே சின்ன எழுத்துகளுக்கெல்லாம் இருந்தது. இதற்கு மட்டும் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேலாகத் தெருவே பார்த்துக்கொண்டிருக்கும் போர்டு. ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

"ஐயோ!" என்றாள் அண்ணி. "பல மருத்துவமனையா? உள்ள இருக்கிறது ஒரே ரூம்!"

"நான் புள்ளியெல்லாம் கடைசியிலதான் வைப்பேன்" என்றார் அவர் தரையைப் பார்த்துக்கொண்டே. "எழுத்தெல்லாம் முடிச்சிட்டு, ஒரே கையா வச்சுக்கிட்டு வருவேன். அன்னிக்கு நடுவுல மழை பிடிச்சுக்கிச்சு. இறங்கிட்டேன். மறுநாள் வந்து மீதியை வச்சேன், இது விட்டுப்போச்சு. தெருவுல நின்னு பார்த்தா அந்த எழுத்துத் தலைக்கு மேல ஒயர் போகும், ஒண்ணும் தெரியாது. இந்த நாற்காலியில வந்து முதல்நாள் உட்கார்ந்தேன் பாரு, அப்பத்தான் பார்த்தேன். நெஞ்சு திக்குன்னு ஆயிடுச்சு."

"ஒரு புள்ளிதானே அண்ணா? ஏணியைப் போட்டு வச்சிட்டா முடிஞ்சது."

"எப்படி வைக்கிறது? ஏணியைப் போட்டா டாக்டரம்மா எதுக்குன்னு கேப்பாங்க. என்னைப் பார்க்கும்போதெல்லாம் போர்டைப் பாராட்டுற மனுஷிகிட்ட என்னன்னு சொல்லுவேன்? வேற ஆளை விட்டு வைக்கச் சொல்லலாம்னா, இந்த ஊர்ல எழுதுற எல்லாரும் என்னைத் தெரிஞ்சவங்க. ஒருத்தன் ஒரு போர்டுல துணைக்கால் விட்டுட்டான்னு டீக்கடையில எல்லார் முன்னாலயும் அவனை ஓட்டினவன் நான். அவன் ஒரு மாசம் அந்தக் கடைப் பக்கமே வரல. விடியறதுக்கு முன்னால யாரும் பார்க்காம வச்சிடலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள தலை சுத்த ஆரம்பிச்சது. இப்ப ஏணியே ஏறக் கூடாதுன்னுட்டார்."

மருந்தக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. புள்ளியைப் பார்த்துப் பிரஷர், பிரஷருக்கு மாத்திரை, மாத்திரையால் தலைசுற்றல், தலைசுற்றலால் புள்ளி வைக்க முடியவில்லை. மனிதர் தனியாக இதற்குள் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்.

"டாக்டரம்மாகிட்ட சொல்லிடுங்க அண்ணா" என்றாள். "நான் சொல்ல மாட்டேன். அது உங்க விஷயம். ஆனா நீங்க சொல்லிட்டா நல்லதுன்னு எனக்குத் தோணுது."

அவர் தலையாட்டினார். ஆமாம் என்கிறாரா, முடியாது என்கிறாரா என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து நாற்காலி சுவரைப் பார்த்தபடி இருந்தது. அண்ணிதான் பெரும் அவஸ்தைப்பட்டாள். செல்போன் கடைத் தம்பி வந்தாலும் அவள் கண் எதிரே உள்ள போர்டுக்குப் போகும், உதட்டைக் கடித்துக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போய்விடுவாள்.

சில நாள் கழித்து, போர்டுக்காரர் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தபோது, பல் டாக்டரம்மாவே பஞ்சும் கையுறையும் வாங்கக் கடைக்குள் வந்தார். ஒல்லியான, வேகமான பெண்மணி. வெள்ளைக் கோட்டோடு தெருவைக் கடந்து வந்திருந்தார்.

"அடடே, நம்ம ஆர்ட்டிஸ்ட்!" என்றார். "உடம்பு எப்படி இருக்கு? நேத்துகூட ஒரு பேஷண்ட் கேட்டார், போர்டு யார் எழுதினதுன்னு."

அண்ணி இருமினாள். மருந்தக்கா கையுறைப் பெட்டியைத் தேடுவதுபோலக் கீழே குனிந்துகொண்டாள்.

போர்டுக்காரர் எழுந்து நின்றார். "டாக்டர், அதுல ஒரு தப்பு இருக்கு" என்றார். சொன்னதும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பல்லுக்குப் புள்ளி வைக்கல."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. மூன்றாம் தடவை சொன்ன பிறகு கண்ணாடிக் கதவருகே போய் நின்று பார்த்தார். முகம் மாறியது. "ஒரு வருஷமா இப்படியா இருக்கு? திறப்பு விழாவுக்கு என் புரொஃபசர் எல்லாம் வந்தாங்களே! அதுக்கு முன்னால நின்னு போட்டோ வேற எடுத்தோமே!"

"ஆமாங்க" என்றார் அவர் சன்னமாக.

டாக்டரம்மா இன்னும் ஒரு நிமிடம் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாரோ என்று மருந்தக்கா பதறி எழுந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அடக்கப் பார்த்து முடியாமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அவரைப் பார்த்ததும் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அண்ணி வெடித்தாள். கடைசியில் போர்டுக்காரருக்கும் உதட்டோரம் அசைந்தது.

"புரொஃபசரும் கவனிக்கலையே, அவருக்கு எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்கணும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் டாக்டரம்மா. "சரி, எப்ப வைக்கிறீங்க?"

"நான் ஏணி ஏறக் கூடாதுங்க, இன்னும் சில நாளைக்கு. அதுவரைக்கும்..."

"அதுவரைக்கும் எல்லாம் என்னால முடியாது. தெரிஞ்ச பிறகு எப்படி அதுக்குக் கீழ நடந்து போறது? ஏணி இருக்கா? பெயிண்ட் இருக்கா? நானே வைக்கிறேன். நாள் முழுக்க சின்னச் சின்னக் குழியை அடைக்கிறதுதானே என் பொழப்பு?"

வேண்டாம் என்று மூன்று பேரும் சொல்லிப் பார்த்தார்கள். கேட்கவில்லை. சாயங்காலம் பேஷண்ட்டுகள் போன பிறகு ஏணி வந்தது. ஒரு பக்கம் மருந்தக்கா, மறுபக்கம் அண்ணி பிடித்துக்கொண்டார்கள். கோட்டைக் கழற்றிவிட்டு, பிரஷ்ஷைப் பல்லில் கவ்விக்கொண்டு, டாக்டரம்மா ஏறினார். ஒயர்களுக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டார். தெருவில் நின்றால் ஒயர் மறைக்கும் என்று போர்டுக்காரர் எதிரே மருந்துக்கடையின் மேல்படியில் நின்றார்.

"கொஞ்சம் வலது பக்கம் டாக்டர். இன்னும். போதும், போதும்! அழுத்தாதீங்க, நுனியால தொடுங்க. சுத்துங்க... அப்படியே வட்டமா..."

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். "என்ன எழுதுறாங்க?" என்று ஒருவர் கேட்டார். "ஒண்ணும் எழுதலையே, அப்படியேதானே இருக்கு" என்றார் இன்னொருவர். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்கள்.

டாக்டரம்மா இறங்கி வந்து கையைப் பார்த்தார். மணிக்கட்டு வரை வெள்ளைப் பெயிண்ட். "எப்படி?" என்றார்.

போர்டுக்காரர் தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தகரத்தின் புள்ளியைவிட இது கொஞ்சம் பெரிசு. விளிம்பு ஒரு பக்கம் வழிந்திருந்தது. மருந்தக்காவுக்குப் பயமாகப் போயிற்று, இதைப் பார்த்து இனி ஏறுமோ என்று.

"கொஞ்சம் பெரிசுதான்" என்றார் அவர். "ஆனா அது என் கை இல்லையே. டாக்டர் கை. நான் ஏன் கவலைப்படணும்?"

நான்கு பேரும் கடைக்குள் வந்து டீ குடித்தார்கள். மருந்தக்காவுக்கு ஆவல் தாங்கவில்லை. டீ குடித்த உடனே பார்க்கக் கூடாது என்பதால் அரை மணி பொறுத்திருந்து, நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பி, அவரை உட்கார வைத்து, போர்டைப் பார்க்கச் சொல்லி, கைப்பட்டையைச் சுற்றினாள். டாக்டரம்மாவும் அண்ணியும் மெஷினுக்கு மேல் குனிந்தார்கள்.

நூற்று முப்பத்தாறு.

"முழுசா இறங்கலையே" என்றாள் அண்ணி, ஏமாந்த குரலில்.

"இவ்வளவு பேர் மேல விழுந்து பார்த்தா எப்படி இறங்கும்?" என்றார் போர்டுக்காரர்.

மறுநாள் கிளினிக் டாக்டர் தன் அறையிலும் ஒருமுறை பார்த்தார். லேசான பிரஷர் இருக்கத்தான் செய்கிறது, சின்ன மாத்திரையை விட வேண்டாம், மற்றதெல்லாம் தேவையில்லை என்றார். இரண்டு வாரம் முடிந்ததும் ஏணி ஏறலாம், யாராவது கீழே பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார். பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டகச்சிவிங்கி இன்னும் தலையில்லாமல் கழுத்தோடு நின்றுகொண்டிருந்தது. மாத்திரை வாங்கிக்கொண்டு, அதற்கு என்ன நிறத்தில் கண் வைப்பது என்று அண்ணியிடம் யோசனை கேட்டபடி போர்டுக்காரர் படியிறங்கினார்.